செயற்கை மூட்டில் கிருமி புகுந்தால்...

கல்யாண வீட்டில் நாலு பெரியவர்கள் கூடினால் முன்பெல்லாம் பென்ஷனைப் பற்றியும் பேரன் படிப்பைப் பற்றியும் பேச்சு நடக்கும். இப்போது முழங்காலைப் பற்றித்தான்! "எனக்கு ரெண்டு காலும் மாத்தியாச்சு" என்பார் ஒருவர். "எனக்கு இடது கால் மட்டும், அடுத்தது தைக்கு அப்புறம்" என்பார் இன்னொருவர். 2017-ஆம் வருடம் ஆகஸ்டில் செயற்கை முழங்கால் மூட்டுகளுக்கு மத்திய அரசு உச்ச விலை வைத்தது. அதன் பிறகு நம்மைப் போன்ற நடுத்தரக் குடும்பங்களும் துணிந்து இந்த ஆபரேஷனுக்குப் போகின்றன. வருடக்கணக்காக மாடிப்படி ஏறாதவர்கள் ஏறுகிறார்கள். கோயில் பிராகாரம் சுற்றுகிறார்கள். நல்ல விஷயம்தான்.

ஆனால் இந்தச் சந்தோஷத்துக்கு நடுவே ஒரு சின்ன முள் இருக்கிறது. முழங்கால், இடுப்பு மூட்டு மாற்றிக் கொண்டவர்களில் நூற்றுக்கு ஒருவர் அல்லது இருவருக்கு அந்தச் செயற்கை மூட்டில் கிருமி புகுந்து சீழ் வைத்து விடுகிறது. "நூத்துக்கு ஒண்ணுதானே!" என்று நாம் சொல்லலாம். அந்த ஒன்று நம் வீட்டில் நடந்தால் அதன் கஷ்டம் தெரியும். என் மாமியாருக்கு அப்படி ஆயிற்று. ஆஸ்பத்திரியும் வீடுமாக மூன்று மாதம் அலைந்ததில் நான் கேட்டும் பார்த்தும் தெரிந்து கொண்டதை, வீட்டில் பெரியவர்களை வைத்துக் கொண்டிருக்கும் சகோதரிகளுக்காக எழுதுகிறேன்.

தொட்டியில் பிடிக்கும் பாசி மாதிரி

கையில் புண் வந்தால் ஐந்து நாள் ஆன்டிபயாடிக் மாத்திரை சாப்பிடுகிறோம், ஆறி விடுகிறது. மூட்டுக்கு மட்டும் ஏன் மாதக்கணக்கில் மருந்து? இதை நான் டாக்டரிடம் நேராகவே கேட்டேன்.

"உங்க வீட்டுத் தண்ணித் தொட்டியைக் கழுவியிருக்கீங்களாம்மா? சுவர்ல வழவழன்னு பாசி பிடிச்சிருக்குமே, அதுல தண்ணியை ஊத்தினா போயிடுமா?" என்று கேட்டார் அவர்.

போகாது. தேங்காய் நார் போட்டுத் தேய்த்தால்தான் போகும். செயற்கை மூட்டின் உலோகத்திலும் பிளாஸ்டிக்கிலும் கிருமிகள் அப்படித்தான் ஒட்டிக் கொள்கின்றனவாம். ஒட்டியதும் தங்களைச் சுற்றி ஒரு கொழகொழப்பான படலத்தைக் கட்டிக் கொண்டு உள்ளே ஏறக்குறையத் தூங்குகிற மாதிரி இருந்து விடும். வேகமாகப் பெருகுகிற கிருமியைத்தான் பெரும்பாலான ஆன்டிபயாடிக்குகள் நன்றாகக் கொல்லும். தூங்குகிற கிருமியிடம் அவற்றின் ஜம்பம் பலிப்பதில்லை.

இன்னொரு காரணமும் உண்டு. மருந்தும், கிருமியோடு சண்டை போடும் வெள்ளை அணுக்களும் ரத்தத்தோடுதான் பயணம் செய்கின்றன. நம் சதையிலும் எலும்பிலும் ரத்தம் ஓடுகிறது. உலோகத்தில் ரத்தம் ஏது? அதனால்தான் சதையில் ஒரு கொப்புளத்தோடு போகிற கிருமி, உலோகத்தில் ஏறினால் குடித்தனம் நடத்த ஆரம்பித்து விடுகிறது.

பெரும்பாலும் இந்த வேலையைச் செய்வது ஸ்டஃபைலோகாக்கஸ் என்ற கிருமிக் குடும்பம். வேறெங்கிருந்தோ வருவதில்லை, நம் தோலிலும் மூக்கிலும் சாதாரணமாகவே வாழ்வதுதான்.

எங்கள் வீட்டில்...

அத்தைக்கு அறுபத்தெட்டு வயது. சர்க்கரை உண்டு, ரத்தக் கொதிப்பும் உண்டு. இடது முழங்கால் ஆபரேஷன் நன்றாகவே முடிந்து, வாக்கரைப் பிடித்துக் கொண்டு கூடத்தில் நடந்து கொண்டிருந்தார். பதினெட்டாம் நாள் காலையில் பார்த்தால் தையல் போட்ட இடத்தின் கீழ்ப் பக்கம் ஈரமாக இருந்தது. துணியை ஒற்றி எடுத்தேன். மறுபடி கசிந்தது. முழங்கால் சுற்றிலும் சிவந்து, தொட்டால் சுட்டது. காய்ச்சல் மட்டும் இல்லை.

"ஜுரமே இல்லையே, இதுக்குப் போய் எதுக்கு ஆஸ்பத்திரி? மஞ்சளைக் குழைச்சுப் போடு, காஞ்சிடும்" என்றார் அத்தை. பக்கத்துத் தெரு மருந்துக் கடைத் தம்பி, "அக்கா, ஒரு ஸ்ட்ரிப் ஆன்டிபயாடிக் தரேன், மூணு நாள் குடுத்துப் பாருங்க" என்றார். டிஸ்சார்ஜ் சீட்டில் "கசிவு இருந்தால் உடனே வரவும்" என்று எழுதியிருந்தது. அந்த ஒரு வரிதான் எங்களைக் காப்பாற்றியது. மஞ்சளும் போடவில்லை, மாத்திரையும் வாங்கவில்லை. மத்தியானமே ஆஸ்பத்திரிக்குப் போய் விட்டோம்.

டாக்டர் கேட்ட முதல் கேள்வியே, "ஏதாவது மாத்திரை குடுத்துட்டீங்களா?" என்பதுதான். இல்லை என்றதும் அவர் முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது. ஏனென்றால் மூட்டு நீரை எடுத்துச் சோதித்து, அதிலுள்ள கிருமியை வளர்த்துப் பார்த்தால்தான் எந்தக் கிருமி, அதற்கு எந்த மருந்து என்று தெரியும். இதைத்தான் 'கல்ச்சர்' என்கிறார்கள். முன்னாலேயே ஆன்டிபயாடிக் உள்ளே போயிருந்தால் கிருமி அரை மயக்கத்தில் கிடக்கும். சோதனையில் தலை காட்டாது. ஆனால் செத்தும் போயிருக்காது! எதிரி யார் என்றே தெரியாமல் யுத்தம் செய்கிற கதை ஆகி விடும்.

ஊசி போட்டு மூட்டு நீரை எடுத்தார்கள். ரத்தத்தில் சி.ஆர்.பி., ஈ.எஸ்.ஆர். பார்த்தார்கள். சந்தேகம் ஊர்ஜிதமாயிற்று.

முதலில் தேய்த்துக் கழுவணும்

மருந்து மட்டும் கொடுத்தால் தொட்டியில் தண்ணீர் ஊற்றிய கதைதான் என்பதால் மறுபடியும் ஆபரேஷன். சீழையும் கெட்டுப் போன திசுக்களையும் சுரண்டி எடுத்து, லிட்டர் லிட்டராக உப்பு நீர் விட்டுக் கழுவி, நடுவில் இருக்கும் கழற்றக்கூடிய பிளாஸ்டிக் தட்டை மாற்றிப் புதிதாக வைத்தார்கள். எலும்போடு பதிந்திருந்த உலோகப் பாகங்களை எடுக்கவில்லை. பல இடங்களிலிருந்து துளித் துளித் திசு எடுத்துக் கல்ச்சருக்கு அனுப்பினார்கள்.

இப்படி மூட்டை அப்படியே வைத்துச் சுத்தம் செய்வது எல்லோருக்கும் முடியாது. ஆபரேஷன் ஆன முதல் மூன்று, நாலு வாரத்துக்குள் வந்தவர்களுக்கும், நன்றாக இருந்த மூட்டில் திடீரென்று தொந்தரவு வந்து மூன்று வாரத்துக்குள் ஓடி வந்தவர்களுக்கும்தான் இதில் நல்ல பலன். மூட்டு எலும்பில் உறுதியாகப் பதிந்தும் இருக்க வேண்டும். நாளாகி விட்டால் படலம் கெட்டிப்பட்டு விடும். பிறகு மூட்டையே கழற்ற வேண்டியதுதான்.

ஆபரேஷன் முடிந்ததும் முதலில் வான்கோமைசின் என்ற ஊசி மருந்து. இது மெதுவாக, ஒரு மணி நேரத்துக்குக் குறையாமல் சொட்டுச் சொட்டாக ஏற வேண்டும். வேகமாக ஏற்றினால் முகமும் கழுத்தும் சிவந்து அரிப்பு எடுக்கும். பக்கத்துக் கட்டிலில் ஒரு பாட்டிக்குத் துணையிருந்தவர், "சீக்கிரம் முடியட்டுமே" என்று சொட்டுத் திருகைத் தானே கூட்டி விட்டார். பாட்டி தக்காளிப் பழமாகச் சிவந்ததும் நர்ஸ் ஓடி வந்து நிறுத்தினார். துணைக்கு இருப்பவர்கள் அந்தத் திருகைத் தொடவே கூடாது. இந்த மருந்து சிறுநீரகத்தைப் பாதிக்கக் கூடும் என்பதால் அடிக்கடி ரத்தம் எடுத்துச் சோதிப்பார்கள். "தினம் தினம் குத்துறாங்களே" என்று நாம் கோபித்துக் கொள்ளக் கூடாது.

கல்ச்சர் முடிவு வந்ததும், அந்தக் கிருமிக்குப் பொருத்தமான செஃபாசோலின் ஊசிக்கு மாற்றினார்கள். மேல் கையில் நீளமான மெல்லிய குழாய் ஒன்றைப் பொருத்தியதால் ஒவ்வொரு தடவையும் நரம்பு தேடிக் குத்த வேண்டியிருக்கவில்லை. இரண்டு வாரம் ஊசி. பிறகு பத்து வாரம் மாத்திரை.

"ஊசிதானே பலம்? மாத்திரை போதுமா டாக்டர்?" என்று என் கணவர் கேட்டார். நமக்கெல்லாம் ஊசி போட்டால்தான் வைத்தியம் என்ற எண்ணம்! இங்கிலாந்தில் எலும்பு, மூட்டுக் கிருமி பாதித்த 1054 பேரை இரண்டாகப் பிரித்து, முதல் ஆறு வாரம் பாதிப் பேருக்கு ஊசியும் பாதிப் பேருக்கு மாத்திரையும் கொடுத்துப் பார்த்தார்களாம். 2019-இல் முடிவு வெளியாயிற்று. ஒரு வருடத்தில் வைத்தியம் தோற்றது ஊசிக்காரர்களில் நூற்றுக்கு சுமார் 15 பேருக்கு. மாத்திரைக்காரர்களில் சுமார் 13 பேருக்கு. ஆக, சரியான மாத்திரையைச் சரியாகச் சாப்பிட்டால் ஊசிக்குக் குறைந்ததில்லை.

ஆரஞ்சு நிற மருந்து

அத்தைக்குக் கொடுத்த மாத்திரைகள் இரண்டு. ஒன்று ரிஃபாம்பிசின், இன்னொன்று லீவோஃப்ளாக்சசின்.

ரிஃபாம்பிசின் என்ற பெயரைக் கேட்டதும் எங்கள் உறவுக்காரர் ஒருவர், "அது டி.பி. மாத்திரையாச்சே! அக்காவுக்கு டி.பி.யா?" என்று கேட்டு ஊரெல்லாம் பரப்பி விட்டார். டி.பி.க்கும் இதுதான் மருந்து, வாஸ்தவம். ஆனால் பாசிப் படலத்துக்குள் புகுந்து ஸ்டஃபைலோகாக்கஸை அடிக்கிற சாமர்த்தியம் இதற்கு உண்டு. சுவிட்சர்லாந்தில் நடந்த ஓர் ஆராய்ச்சி 1998-இல் வெளியானது. சிகிச்சையை முழுதாக முடித்தவர்களில், ரிஃபாம்பிசினும் துணை மருந்தும் சேர்த்துச் சாப்பிட்ட 12 பேரில் 12 பேருக்கும் குணம். துணை மருந்து மட்டும் சாப்பிட்ட 12 பேரில் 7 பேருக்குத்தான் குணம். சின்ன ஆராய்ச்சிதான் என்றாலும் டாக்டர்கள் இந்த ஜோடியை நம்புவதற்கு அது ஒரு பெரிய காரணம்.

ஆனால் ரிஃபாம்பிசினைத் தனியாகக் கொடுக்கக் கூடாது. கிருமி வெகு சீக்கிரம் அதற்குப் பழகிக் கொண்டு விடும். இரண்டு மாத்திரையில் ஒன்று தீர்ந்து விட்டால், "இதையாவது குடுப்போம்" என்று இருக்கிறதை மட்டும் கொடுத்து வரக் கூடாது. புண் காய்ந்த பிறகுதான் இதை ஆரம்பித்தார்கள். அதுவும் இதே காரணத்துக்காகத்தான்.

முதல் நாள் அத்தை பாத்ரூமிலிருந்து அலறினார். "ஏம்மா, ரத்தம் போறதும்மா!" ரத்தம் இல்லை. இந்த மருந்து சிறுநீர், வியர்வை, கண்ணீர் எல்லாவற்றையும் ஆரஞ்சு நிறமாக்கும். டாக்டர் முன்பே சொல்லியிருந்ததால் நான் பயப்படவில்லை. அத்தையின் வெள்ளை ரவிக்கைகளை மட்டும் மூன்று மாதத்துக்குப் பீரோவில் வைத்து விட்டேன்.

கவலைப்பட வேண்டியது வேறு. ரிஃபாம்பிசின் நம் ஈரலைத் தூண்டி, மற்ற மாத்திரைகளைச் சீக்கிரம் கரைத்து வெளியேற்ற வைக்கிறது. ரத்தக் கொதிப்பு மாத்திரை, சில சர்க்கரை மாத்திரைகள், ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுக்கும் மருந்து எல்லாவற்றின் வேகமும் குறையும். அத்தைக்கு இரண்டாவது வாரமே பி.பி. ஏறி விட்டது. டாக்டர் பழைய மாத்திரைகளின் அளவை மாற்றினார். மருந்து நின்ற பிறகு மறுபடி குறைத்தார். இளம் தாய்மார்கள் எந்த வியாதிக்காக ரிஃபாம்பிசின் சாப்பிட நேர்ந்தாலும் ஒன்று தெரிந்து கொள்ள வேண்டும்: கருத்தடை மாத்திரையையும் இது பலனில்லாமல் செய்து விடும்.

கண் வெள்ளை மஞ்சளானாலோ, சாப்பாடே பிடிக்காமல் வாந்தி நீடித்தாலோ ஈரல் பாதிப்பா என்று பார்க்க வேண்டும். லீவோஃப்ளாக்சசினுக்கு வேறு எச்சரிக்கை. குதிகாலுக்கு மேலே உள்ள தடித்த நாணில் வலி வந்தால் உடனே டாக்டரிடம் சொல்ல வேண்டும். வயதானவர்களுக்கு அது அறுந்து போகக்கூட வாய்ப்பு உண்டு. கால்சியம், இரும்புச் சத்து மாத்திரை, வயிற்றெரிச்சலுக்குக் குடிக்கும் ஜெலுசில் வகையறா இவற்றை இதோடு சேர்த்துக் கொடுத்தால் மருந்து உடம்பில் சேராது. இரண்டு மணி நேரமாவது இடைவெளி வேண்டும்.

இத்தனையையும் தலையில் வைத்துக் கொள்ள முடியுமா? ஒரு நாற்பது பக்க நோட்டில் கட்டம் போட்டு எழுதினேன். காலையில் எழுந்ததும் வெறும் வயிற்றில் ரிஃபாம்பிசின். பலகாரத்துக்குப் பிறகு சர்க்கரை, பி.பி. மாத்திரைகள், கால்சியம் ராத்திரிக்கு. கொடுத்ததும் ஒரு டிக். பக்கத்தில் பி.பி., சர்க்கரை அளவு. ஒவ்வொரு தடவையும் டாக்டர் முதலில் கேட்டது அந்த நோட்டைத்தான்.

"வலிதான் இல்லையே!"

ஐந்தாவது வாரம்தான் பெரிய சோதனை. புண் ஆறி விட்டது. வீக்கம் இல்லை. வலி இல்லை. ஆனால் குமட்டல், வாயெல்லாம் கசப்பு. ஒரு நாள் காலை மாத்திரையை நீட்டினேன், அத்தை கையைத் தட்டி விட்டார். "கால் நல்லாயிடுச்சு. இன்னும் எதுக்கு இந்த விஷம்? நான் சாப்பிட மாட்டேன்!"

கோபித்துப் பயனில்லை. அன்றே டாக்டருக்குப் போன் செய்தோம். குமட்டலுக்கு ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்து, ஈரல் சோதனையும் செய்யச் சொன்னார். நல்ல வேளையாகச் சரியாக இருந்தது. பிறகு அத்தையிடமே பேசினார். "அம்மா, ஆறு வாரத்தில் நிறுத்தலாமா, பன்னிரண்டு வாரம் கொடுக்கலாமா என்று பிரான்ஸ் தேசத்தில் சோதித்துப் பார்த்தார்கள். 2021-இல் முடிவு வந்தது. ஆறு வாரத்தில் நிறுத்தியவர்களில் நூற்றுக்கு 18 பேருக்குக் கிருமி போகவில்லை. பன்னிரண்டு வாரம் சாப்பிட்டவர்களில் 9 பேருக்குத்தான். உங்களை மாதிரி மூட்டை எடுக்காமல் சுத்தம் மட்டும் செய்தவர்களுக்கு வித்தியாசம் இன்னும் அதிகம். இப்போது நிறுத்தினால் அடுத்து மூட்டையே கழற்றணும். நீங்களே சொல்லுங்கள்."

அத்தை பதில் பேசவில்லை. மறு நாள் காலை அவரே, "எங்கேம்மா அந்த ஆரஞ்சு மாத்திரை?" என்று கையை நீட்டினார். பன்னிரண்டு வாரமும் முடித்தார். நோயாளிக்கு நோயாளி கணக்கு மாறும். முழங்காலுக்கு ஆறு மாதம்கூடக் கொடுக்கிற டாக்டர்கள் உண்டு. எத்தனை நாள் என்பது அவர்கள் தீர்மானம். அத்தனை நாளும் விடாமல் கொடுப்பதுதான் நம் பொறுப்பு.

நாள் கடத்தினால்...

என் நாத்தனாரின் மாமியாருக்கு முழங்கால் மாற்றி நாலு வருடம் நன்றாக இருந்தது. காலில் ஒரு கட்டி வந்து உடைந்தது. சில நாளில் முழங்கால் வீங்கியது. பக்கத்திலிருந்த ஒரு கிளினிக்கில் ஆன்டிபயாடிக் கொடுத்தார்கள். வீக்கம் வடிந்தது, நிறுத்தியதும் வந்தது. இப்படி மூன்று சுற்று! கடைசியில் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனபோது மூட்டு எலும்பிலிருந்து ஆட்டம் கண்டு விட்டது. கல்ச்சரில் ஒன்றும் தெரியவில்லை. இரண்டு வாரம் எல்லா ஆன்டிபயாடிக்கையும் நிறுத்தி, மறுபடி நீர் எடுத்த பிறகுதான் கிருமி பிடிபட்டது.

அவருக்கு மூட்டைக் கழற்றி விட்டு, ஆன்டிபயாடிக் கலந்த எலும்பு சிமெண்டில் ஒரு தற்காலிக மூட்டு வைத்தார்கள். ஆறு வாரம் மருந்து. கிருமி போனது தெரிந்த பிறகு இன்னொரு ஆபரேஷனில் புது மூட்டு. காலம், பணம், கஷ்டம் எல்லாம் இரட்டிப்பு. கட்டியிலிருந்த கிருமி ரத்தத்தில் ஏறி மூட்டில் இறங்கியிருக்கும் என்றார்கள்.

சிமெண்டில் மருந்தைக் கலக்கும் யோசனை ஜெர்மனியில் ஹாம்பர்க் நகரத்து டாக்டர் புக்ஹோல்ட்ஸ் என்பவருடையது. 1970 வாக்கில் அவர் ஜென்டாமைசினைச் சிமெண்டில் கலந்து பார்த்தார். ரத்தம் போகாத இடத்துக்கு மருந்தை நேராகவே கொண்டு போய் வைக்கிற உபாயம்! அதற்கு முன்பே, 1960-களில், இங்கிலாந்தில் இடுப்பு மூட்டு மாற்றும் ஆபரேஷனை வெற்றிகரமாக்கிய சார்ன்லி என்ற டாக்டருக்கு ஆரம்பத்தில் நூற்றுக்கு ஏழு பேருக்கு மேல் சீழ் வைத்தது. ஆபரேஷன் அறையின் காற்றைச் சுத்தப்படுத்தி, டாக்டர்களின் உடையையும் மாற்றி, அதை ஒன்றுக்கும் கீழே கொண்டு வந்தார். மருந்துக்கு முன்னால் சுத்தம்தான் என்பது அன்றே தெரிந்த பாடம்.

வீட்டில் நாம் செய்யக் கூடியவை

• ஆபரேஷனுக்கு முன்பே சொத்தைப் பல், கால் வெடிப்பு, சேற்றுப் புண், சிறுநீர்க் கடுப்பு எல்லாவற்றையும் சரி செய்து கொள்ளுங்கள். சர்க்கரை கட்டுக்குள் இருக்க வேண்டும்.

• ஆபரேஷன் செய்யும் இடத்தை வீட்டில் பிளேடால் மழிக்காதீர்கள். கண்ணுக்குத் தெரியாத கீறலில் கிருமி சேரும்.

• தையலின் மேல் மஞ்சள், தேங்காயெண்ணெய், விபூதி, பவுடர் எதுவும் வேண்டாம். கட்டைத் தொடும் முன் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள்.

• கசிவு, சிவப்பு, சூடு, கூடிக் கொண்டே போகும் வலி, சும்மா படுத்திருக்கும்போதும் வலி, தோலில் ஓட்டை விழுந்து நீர் வடிதல் — இவற்றில் எது இருந்தாலும் ஆபரேஷன் செய்த டாக்டரிடமே போங்கள். காய்ச்சல் வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். பல பேருக்குக் காய்ச்சலே வராது.

• வருடங்கள் ஆன பிறகும், எந்த டாக்டரிடம் போனாலும் "செயற்கை மூட்டு இருக்கிறது" என்று முதலில் சொல்லுங்கள். கட்டி, பல் சீழ், கால் புண் இவற்றை உடனே கவனியுங்கள். ஆனால் பல் பிடுங்கும் ஒவ்வொரு தடவையும் முன்கூட்டி ஆன்டிபயாடிக் சாப்பிட வேண்டுமென்பது எல்லோருக்கும் பொதுவான விதி அல்ல. டாக்டர் சொன்னால் மட்டும் போதும்.

• அட்டையில் சிவப்புக் கோடு இருக்கும் மாத்திரையைச் சீட்டு இல்லாமல் வாங்காதீர்கள். பெரியவருக்கு வாங்கி மிச்சமானதைக் குழந்தையின் சளிக்குக் கொடுக்காதீர்கள். இப்படிக் கண்டபடி சாப்பிட்டுத்தான் கிருமிகள் மருந்துக்குப் பழகிப் போகின்றன. அப்புறம் நிஜமாகவே வேண்டியிருக்கும் நாளில் மருந்து கை விட்டு விடும்.

ஆபரேஷனைச் செய்ய டாக்டர்கள் இருக்கிறார்கள். மருந்தைக் கண்டுபிடிக்க விஞ்ஞானிகள் இருக்கிறார்கள். ஆனால் தொண்ணூறு நாள், வேளை தவறாமல், எதோடு சேர்க்கலாம் எதோடு சேர்க்கக் கூடாது என்று பார்த்து, மாட்டேன் என்பவரைச் சமாதானப்படுத்தி அந்த மருந்தை உள்ளே அனுப்புவது யார்? வீட்டில் இருக்கும் நாம்தான். இதுவும் வைத்தியத்தில் பாதி என்று அந்த டாக்டரே சொன்னார். அதனால், நாற்பது பக்க நோட்டு ஒன்றை இன்றே வாங்கி வையுங்கள், சகோதரிகளே!